ஒரு சூரியத் தகட்டுக்குள் எத்தனை தொழிற்சாலைகள்!

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை செல்லும் மின்ரயிலில் போனவர்களுக்கு ஆரம்பாக்கத்தைத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டின் எல்லையில் உள்ள கடைசி நிலையம் அது. அடுத்து வரும் தடா, ஆந்திரத்தைச் சேர்ந்தது. பெயரில் 'ஆரம்பம்' இருந்தாலும், நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அந்த ஊர் முடிவுதான். நெல்லூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேண்டுமானால் பெயர் பொருந்தும். இரவு நேரத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் வானம் சிவந்து எழுவதை ஆரம்பாக்கத்து மொட்டைமாடிகளிலிருந்தே பார்க்கலாம். அப்படி மேலே போகும் செயற்கைக்கோளின் இறக்கைகளில் சூரிய மின்கலங்கள் பதித்திருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மொட்டைமாடிகளிலும் இப்போது சூரியத் தகடுகள் வந்துவிட்டன. இந்த இரண்டிற்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஆனால் நேர்வழியில் அல்ல, கொஞ்சம் சுற்றுவழியில் போகவேண்டும்.

சுற்றுவழிக்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். இயற்பியல் பட்டம் பெற்று, இவ்வட்டாரத்து டயர் ஆலை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஒருநாள் காலை ரயிலில் என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சூரியத் தகடு செய்யும் ஆலை ஒன்றிலிருந்து அவருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "அது வேற லைன் சார். அங்கே போனா மறுபடியும் ஒண்ணாங் கிளாஸ்லேருந்து ஆரம்பிக்கணும். ரப்பரைக் கட்டிக்கிட்டு அழுத நாலு வருஷமும் வீண்தானே?" என்றார். கவரைப்பேட்டை வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை காலேஜுக்கு வாப்பா, பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்குச் சொல்ல நினைத்ததை முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு சூரியத் தகட்டைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே ஒரு கண்ணாடி. அதன்கீழ் ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் ஏடு. நடுவில் அப்பளத்தைவிட மெல்லியதான சிலிக்கான் வில்லைகள். அவற்றின்மேல் வெள்ளிக் கோடுகள். பிறகு மறுபடியும் பிளாஸ்டிக் ஏடு, கடைசியில் முதுகுத் தாள். சுற்றிலும் அலுமினியச் சட்டம். இவற்றில் சூரியத் தகட்டுக்கென்றே முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது எது என்று கேட்டால், விடை சொல்வது கடினம். ஒவ்வொன்றும் வேறு எங்கோ, வேறு எதற்காகவோ பிறந்து, இங்கே வந்து குடியேறியது.

இதயமான சிலிக்கான் வில்லையிலிருந்தே தொடங்குவோம். 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் சிலிக்கானை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குச் சூரியனைப் பற்றிய கவலை ஏதும் இல்லை. மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளைப் பிடிக்க வால்வுகளைவிட நல்ல உணர்கருவி வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அவரிடமிருந்த ஒரு சிலிக்கான் துண்டில் நடுவே விரிசல். அதன்மீது விளக்கொளி பட்டால் ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்தம் தோன்றியது. உருகிய சிலிக்கான் உறைந்தபோது அதிலிருந்த மாசுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தன. ஒரு பக்கத்தில் எலெக்ட்ரான்கள் மிகுதி. மறுபக்கத்தில் எலெக்ட்ரான்களுக்குப் பற்றாக்குறை, அதாவது 'துளைகள்' மிகுதி. இவை இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் இயல்பாகவே நிற்கிறது. ஒளி உள்ளே புகுந்து ஓர் எலெக்ட்ரானை விடுவித்தால், அந்த மின்புலம் அதை ஒரு திசையில் தள்ளிவிடுகிறது. ஒளியை மின்னாக்கும் சூத்திரம் முழுவதும் இவ்வளவே. இந்தச் சந்திப்பைத்தான் இன்று 'பி-என் சந்தி' என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்.

அதே ஆய்வகத்தில் 1950-களின் தொடக்கத்தில் டேரில் சாபின் என்ற பொறியாளருக்கு வேறொரு தலைவலி. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைத்த உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. மாற்று வழியாகச் சூரிய ஒளியை நினைத்தார். அன்று கிடைத்த செலீனியக் கலங்கள் வந்து விழும் ஒளியாற்றலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மின்னாக மாற்றவில்லை. செலீனியத்தின் கதையும் இப்படிப்பட்டதே. 1873-இல் வில்லோபி ஸ்மித் என்ற தந்திப் பொறியாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காகச் செலீனியக் குச்சிகளைப் பயன்படுத்தியபோது, ஒளி பட்டால் அவற்றின் மின்தடை மாறுவதைக் கண்டார். தந்தியிலிருந்து பிறந்த அந்தப் பாதை சாபினின் மேசையில் வந்து முட்டி நின்றது. பக்கத்து அறைகளில் கால்வின் ஃபுல்லர் என்ற வேதியியலாரும் ஜெரால்டு பியர்சன் என்ற இயற்பியலாரும் டிரான்சிஸ்டருக்காகச் சிலிக்கானில் மாசு சேர்க்கும் கலையில் ஈடுபட்டிருந்தார்கள். செலீனியத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், இதைப் பார் என்று பியர்சன் சொல்ல, மூவரும் சேர்ந்தார்கள். 1954 ஏப்ரலில் 6 சதவீதத் திறன் கொண்ட சிலிக்கான் சூரியக் கலம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வானொலி, தொலைபேசி, டிரான்சிஸ்டர் ஆகிய மூன்று துறைகளின் ஆட்கள் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் நடந்த காரியம் இது.

சிலிக்கானை ஒரே படிகமாக வளர்ப்பது எப்படி? இதற்கான வழி இன்னும் பழையது. 1916-இல் பெர்லினில் ஒரு மின்சாதன நிறுவனத்தின் உலோக ஆய்வகத்தில் யான் சோக்ரால்ஸ்கி என்ற போலந்துக்காரர் பணிபுரிந்தார். ஒருநாள் எழுதிக்கொண்டே இருந்தவர் பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பதற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பேனா முனையை வெளியே இழுத்தபோது அதோடு ஓர் உலோக இழை வந்தது. அந்த இழை ஒற்றைப் படிகமாக இருந்தது. உலோகங்கள் எவ்வளவு வேகத்தில் உறைகின்றன என்று அளப்பதற்கே அவர் இம்முறையைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது உலோகவியல் ஏடுகளில் தூங்கியது. பிறகு பெல் ஆய்வகத்தில் கார்டன் டீல் என்பவரும் உடனிருந்தவர்களும் அதை எடுத்து, முதலில் ஜெர்மானியத்துக்கும் பிறகு சிலிக்கானுக்கும் கையாண்டார்கள். இன்று நம் கூரைகளில் உள்ள ஒற்றைப்படிகக் கலங்கள் யாவும் 1,414 டிகிரி செல்சியஸில் உருகிய சிலிக்கானிலிருந்து அந்தப் 'பேனா' முறையில் மேலே இழுக்கப்பட்டவையே.

உருக்குவதற்கு முன் சிலிக்கானைச் சுத்தம் செய்யவேண்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன்; தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பங்கு உண்டு.

மணலின் உறவான படிகக்கல்லைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் காய்ச்சினால் சிலிக்கான் கிடைக்கும். எஃகுக்குச் சேர்க்கும் ஃபெரோசிலிக்கானைச் செய்வதும் இதே வகை உலையில்தான். கும்மிடிப்பூண்டியின் எஃகு உருக்காலைகளில் ஆக்சிஜனை நீக்குவதற்காக அந்தக் கலவையை அள்ளிப் போடுவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் அப்படிக் கிடைக்கும் சிலிக்கானில் நூற்றுக்கு ஒன்று அளவில் மாசு இருக்கும். சூரியக் கலத்துக்கோ பத்து லட்சத்தில் ஒன்று என்பதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். திடப்பொருளை இவ்வளவு சுத்தம் செய்ய முடியாது. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். சிலிக்கான் பொடியை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவோடு வினைபுரியச் செய்து, டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக மாற்றுகிறார்கள். அது சுமார் 32 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் திரவம் என்றால் வடித்துப் பிரிக்கலாம் அல்லவா? மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்கள் கச்சா எண்ணெயைப் பிரிக்கும் அதே தத்துவத்தில், உயரமான கோபுரங்களில் அதைத் திரும்பத் திரும்ப வடித்தால் மாசுகள் விலகிவிடும். பிறகு ஹைட்ரஜனோடு கலந்து, சுமார் 1,100 டிகிரியில் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய சிலிக்கான் குச்சிகள்மீது செலுத்தினால், தூய சிலிக்கான் மேலே படிந்து தடிக்கிறது. 1950-களில் ஜெர்மனியின் சீமன்ஸ் நிறுவனம் டிரான்சிஸ்டர் தொழிலுக்காக உருவாக்கிய முறை இது.

இதற்குத் தேவை என்ன? குளோரின், ஹைட்ரஜன், ஏராளமான மின்சாரம், கூடவே அரிக்கும் வாயுக்களோடு பழகிய கைகள். இவை நான்கும் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கும்? உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா செய்யும் ஆலையில்! அங்கே குளோரினும் ஹைட்ரஜனும் கூடவே பிறக்கின்றன. மேட்டூரில் அணையின் நிழலில் அத்தகைய ஆலை நெடுங்காலமாக இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவமூர்த்தியின் குழு ஆய்வுக்கூட அளவில் செய்து காட்டிய முறையைக் கொண்டு, 1980-களில் மேட்டூரில் 'மெட்கெம் சிலிக்கான்' என்ற நிறுவனம் தூய சிலிக்கானைத் தயாரித்தது. காஸ்டிக் சோடாத் தொழிலில் வளர்ந்த ஓர் ஊர், குறைகடத்தித் தொழிலில் கால் வைத்தது. ஆண்டுக்குச் சில பத்து டன் என்ற சிறிய அளவு. உலகச் சந்தையில் பெரிய ஆலைகளோடு விலையில் போட்டியிட அந்த அளவு போதவில்லை; அந்த உற்பத்தி நீடிக்கவில்லை. இன்று இந்தியாவில் தகடுகள் செய்யும் ஆலைகள் பெருகிவிட்டன, கலங்கள் செய்யும் ஆலைகளும் கூடி வருகின்றன; ஆனால் தூய சிலிக்கானையும் வில்லைகளையும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வாங்குகிறோம். மேட்டூரில் வால்வைத் திருகிய கைகளுக்குத் தெரிந்திருந்தவற்றில் எவ்வளவு, எவ்வளவு பேரோடு ஓய்வு பெற்றுப் போயிருக்கும் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. அறிக்கைகள் அலமாரியில் இருக்கும். குழாயில் கசிவு தொடங்குமுன் எழும் மெல்லிய வாடையை எந்த அறிக்கையும் எழுதி வைப்பதில்லை.

சரி, சிலிக்கான் கட்டி தயார். அதை எப்படி மெல்லிய வில்லைகளாக அறுப்பது? தொடக்கத்தில் வட்ட வாளால் ஒவ்வொன்றாக அறுத்தார்கள். பிறகு ஒரே கம்பியை நூற்றுக்கணக்கான தடவை உருளைகளில் சுற்றி, நெசவுத்தறியின் பாவு போல விரித்து, அதன்மேல் கட்டியை அழுத்தி ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வில்லைகளாக அறுக்கும் இயந்திரம் வந்தது. அந்தக் கம்பி எது தெரியுமா? டயருக்குள் வைக்கும் எஃகு இழையின் தம்பி. உயர்கரி எஃகு, மேலே பித்தளைப் பூச்சு. டயரில் அந்தப் பித்தளை ரப்பரோடு ஒட்டிக்கொள்ள உதவுகிறது. கம்பியை மெல்லியதாக இழுக்கும்போது உராய்வைக் குறைக்கிறது. டயர்க் கம்பி செய்துவந்த நிறுவனங்களுக்கு, அறுப்புக் கம்பி செய்வதற்குப் புதிதாகக் கற்கவேண்டியது அதிகமில்லை. கம்பியோடு சிலிக்கான் கார்பைடு துகள்களைக் குழம்பாக ஊற்றி அறுத்தார்கள். அறுக்கும்போது ஏறக்குறைய பாதிச் சிலிக்கான் தூளாகப் போனது. அதுவும் இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த சிலிக்கான்!

இந்த இழப்பைக் குறைத்தது வைரம். கருங்கல் குவாரிகளிலும் சலவைக்கல் குவாரிகளிலும் வைரம் பதித்த கம்பியால் பாறையை அறுப்பது முன்பே இருந்த வழக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பார்க்கலாம். நீலக்கல் போன்ற கடினமான படிகங்களை அறுக்கவும் வைரத்தூள் ஒட்டிய மெல்லிய கம்பி வந்தது. நிக்கல் முலாம் பூசும்போதே வைரத்தூளையும் அதில் பிடிக்க வைப்பது இதன் நுட்பம். முலாம் பூசுவோரின் கலை! 2010-களின் பிற்பகுதியில் சூரியக் கலத் தொழில் ஏறக்குறைய முழுவதும் இதற்கு மாறிவிட்டது. இன்றைய கம்பி 40 மைக்ரானுக்கும் குறைந்த தடிமன். நம் தலைமுடியைவிட மெல்லியது.

வெள்ளிக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பையில் மணமக்கள் பெயரை எப்படி அச்சிடுகிறார்கள்? சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணி; எழுத்துள்ள இடத்தில் மட்டும் துளைகள் திறந்திருக்கும்; ரப்பர் பட்டையால் மையை ஓர் இழுப்பு. சூரியக் கலத்தின் வெள்ளிக் கோடுகளும் இதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில்தான் அச்சாகின்றன. மைக்குப் பதில் வெள்ளித்தூளும் கண்ணாடித்தூளும் கலந்த பசை. இந்தப் பசை மின்னணுச் சுற்றுகளில் மின்தடைகளை அச்சிடும் தொழிலிலிருந்து வந்தது. 1970-கள் வரை வெற்றிடக் கலத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்துக்கொண்டிருந்தவர்கள், துணி அச்சுக்காரரின் சட்டத்தை எடுத்துக்கொண்டதும் செலவு வெகுவாக இறங்கியது. விண்வெளிக்குப் போன பொருள் மஞ்சள் பையின் வழியாகத்தான் வீட்டுக் கூரைக்கு இறங்கிவந்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள்.

விண்வெளி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1958 மார்ச் 17-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் வான்கார்டு-1 தான் சூரியக் கலங்களோடு சென்ற முதல் செயற்கைக்கோள். அதன் சாதாரண மின்கலம் சில மாதங்களுக்குள் ஓய்ந்தது. சூரியக் கலத்தால் இயங்கிய ஒலிபரப்பி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. அதன்பின் விண்வெளித்துறை சூரியக் கலத்தைத் தத்தெடுத்தது. செலவைப் பற்றிக் கவலைப்படாத வளர்ப்புத் தந்தை! எடை குறையவேண்டும், திறன் கூடவேண்டும், கெடக்கூடாது. விலை எதுவானாலும் சரி. இதனால் கலம் நுட்பமாயிற்று, மலிவாகவில்லை. தரைக்கு வரவேண்டுமானால் விண்வெளியில் கற்றவற்றில் பாதியை மறக்கவேண்டியிருந்தது.

அந்த மறதியைத் துணிந்து செய்தவர் எலியட் பெர்மன் என்ற வேதியியலார். எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் பண உதவியோடு 1973 வாக்கில் அவர் தொடங்கிய தொழிலில், மின்னணுத் தொழிற்சாலைகள் குறையுள்ளவை என்று ஒதுக்கிய சிலிக்கான் வில்லைகளை மலிவாக வாங்கினார். மெருகேற்றவில்லை, அறுத்தபடியே பயன்படுத்தினார். பின்பக்கத்துக்கு அச்சுச் சுற்றுப் பலகை, முன்பக்கத்துக்கு அக்ரிலிக், ஒட்டுவதற்குச் சிலிக்கோன் பசை. வாட்டுக்கு 100 டாலர் என்றிருந்த விலை 20 டாலராக இறங்கியது. வாங்கியது யார்? கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் எச்சரிக்கை விளக்கு எரிக்க வேண்டியவர்கள். எண்ணெய்த் தொழில்தான் சூரிய மின்சாரத்தின் முதல் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று என்றால், இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்.

பிறகு நெடுங்காலம் சூரியக் கலத் தொழில், கணிப்பொறிச் சில்லுத் தொழிலின் பந்தி முடிந்தபின் மிச்சத்தைச் சாப்பிடும் நிலையில்தான் இருந்தது. 2000-க்குப் பின் அதன் பசி வளர்ந்து, மிச்சம் போதாமல் போயிற்று. 2008-இல் தூய சிலிக்கானின் விலை கிலோவுக்கு 400 டாலரைத் தாண்டியது. இதைக் கண்டு சூரியக் கலத்துக்காகவே பெரிய சிலிக்கான் ஆலைகள் எழுந்தன. விலை தலைகீழாக விழுந்தது. விருந்தாளி வீட்டுக்காரரைவிடப் பெரியவராகிவிட்டார்.

இனி, அந்தப் பிளாஸ்டிக் ஏடு. இதைச் சொல்ல எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் தோல்வி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

உடைந்த கலங்களை மலிவாக வாங்கி, மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு தகடு செய்து பார்க்கலாம் என்று முனைந்தேன். ஏடும் வாங்கினோம். எதிலீன் வினைல் அசிடேட் என்பது அதன் பெயர். காலில் போடும் மெத்தென்ற செருப்பின் அடியும் இதே குடும்பத்துப் பொருளை நுரைக்கச் செய்ததுதான். கண்ணாடி, ஏடு, கலம், ஏடு, முதுகுத்தாள் என்று அடுக்கி அடுப்பில் வைத்தோம். வெளியே எடுத்தபோது தகடு முழுவதும் குமிழ்கள், ஆப்பம் போலிருந்தது! மூன்று முறை முயன்றோம், மூன்று ஆப்பம். புத்தகத்தில் வெப்பநிலை இருந்தது, அதன்படிதான் செய்தோம். எங்கள் ஆய்வக உதவியாளரின் மைத்துனர் வேறு ஏதோ வேலையாக வந்திருந்தார். கார்களின் முன்கண்ணாடி செய்யும் ஆலையில் பணியாற்றியவர். எட்டிப் பார்த்துவிட்டு, "சூடு காட்டறதுக்கு முன்னாடியே காத்தை எடுத்துடுங்க சார். உருகிட்டா அப்புறம் காத்து எங்கே போகும்?" என்றார். அவ்வளவுதான். காரின் முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு. காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் அங்கே சூடேற்றுவார்கள். எங்கள் ஆய்வகத்து வெற்றிட எக்கியை இணைத்து, மேலே ஒரு ரப்பர் விரிப்பைப் போர்த்தி, காற்றை வெளியேற்றிய பின் சூடேற்றினோம். குமிழ் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது, பெரிய அளவில் முன்பே நடந்திருக்கிறது. 1975 முதல் 1986 வரை அமெரிக்காவின் ஜெட் உந்து ஆய்வகம் தரைக்கான சூரியத் தகட்டை மலிவாக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. தகடுகளைத் தொகுதி தொகுதியாக வாங்கி, வெயிலிலும் ஈரத்திலும் வாட்டி, பனிக்கட்டி உருண்டைகளால் அடித்து, எது எப்படிக் கெடுகிறது என்று வெளிப்படையாக அறிக்கை எழுதினார்கள். முதலில் சிலிக்கோன் ரப்பர், விலை அதிகம். கார்க் கண்ணாடியின் ஏட்டையும் முயன்றார்கள். கடைசியில் எதிலீன் வினைல் அசிடேட்டில் வந்து நின்றார்கள். அதோடு கதை முடியவில்லை. 1980-களில் கலிஃபோர்னியாவின் கரிசோ சமவெளியில் கண்ணாடிகளால் கூடுதல் வெயில் காட்டப்பட்ட தகடுகளில் இந்த ஏடு பழுப்பேறிப்போனது. ஏட்டில் சேர்க்கும் பொருள்களை மாற்றித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

கண்ணாடிக்காரர் வந்து உதவியது மட்டுமல்ல, கண்ணாடிக்காரரே சூரியத் தொழிலைத் தொடங்கிய கதையும் உண்டு. அமெரிக்காவின் டொலிடோ நகரம் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே ஹெரால்டு மக்மாஸ்டர் என்பவர் கண்ணாடியைச் சூடாக்கிப் பதப்படுத்தும் இயந்திரங்களைச் செய்து செல்வந்தரானவர். சூரியக் கலத்தை அவர் பார்த்த பார்வையே வேறு. மின்னணுக்காரர்கள் அதை விரிந்த டிரான்சிஸ்டராகப் பார்த்தார்கள். இவர் பூச்சு பூசிய கண்ணாடியாகப் பார்த்தார். உருளைகள்மீது சூடாக ஓடிக்கொண்டிருக்கும் கண்ணாடியின்மேல் காட்மியம் டெலுரைடு என்ற குறைகடத்தியை ஆவியாகப் படியவைத்தால் என்ன? கம்பியும் வேண்டாம், அறுப்பும் வேண்டாம். அவர் 1990-இல் தொடங்கிய நிறுவனம் 1999-இல் 'ஃபர்ஸ்ட் சோலார்' ஆயிற்று. அந்நிறுவனத்தின் ஆலை 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டது; ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குத் தகடு செய்யும் திறன் கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏற்கெனவே கண்ணாடித் தொழிலுக்குப் பழகிய இடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிவு ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போகிறது என்று ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். காப்புரிமைப் பத்திரம் ஒவ்வொன்றும் தனக்கு முந்திய பத்திரங்களைச் சுட்டிக்காட்டும். அந்தச் சுட்டுகளைப் பின்தொடர்ந்தால், வம்சாவளி போல அறிவின் பாதை தெரியும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரிகரி நெமெட் இவ்வாறு ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு, ஆற்றல் துறையில் மிக மதிப்புள்ள கண்டுபிடிப்புகள் தம் துறைக்கு வெளியே இருந்து வந்த அறிவின்மீது பெரிதும் நிற்கின்றன என்பது. ஆயினும் காப்புரிமையில் அகப்படாத வழிகள் இரண்டு உண்டு. ஒன்று இயந்திரம்: இயந்திரத்தை வாங்கினால் அதைச் செய்தவரின் அறிவில் ஒரு பகுதி உள்ளே உறைந்து வருகிறது. இன்னொன்று ஆள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனிடம் பயின்ற ஷி ஜெங்ரோங், 2001-இல் சீனாவில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவரோடு சேர்ந்து ஓர் ஆய்வகத்தின் கைப்பழக்கமே கப்பலேறிப் போனது எனலாம்.

நம் நாட்டில் இயந்திரங்களை முழு வரிசையாக இறக்குமதி செய்வது எளிதாக இருக்கிறது. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் தகடு வெளியே வரும். ஏடு ஏன் அந்த வெப்பநிலையில், அத்தனை நிமிடம் என்று கேட்கும் ஆள் வரிசையருகே இல்லாவிட்டால், அடுத்த வரிசையையும் அங்கிருந்தே வாங்கவேண்டியிருக்கும். ஆனால் அந்த ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டால், எண்ணூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை ரயில் பெட்டிகளில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்பேன். உருக்கு, ரப்பர், முலாம், ரசாயனம் என்று ஆளுக்கொரு கைப்பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவர் வந்தார். குமிழில்லாத எங்கள் தகட்டைப் பெருமையோடு காட்டினேன். மொட்டைமாடியில் ஒரு மாதம் வெயிலில் கிடந்த தகடு அது. அவர் ஓரத்தில் நகத்தால் நெம்பினார். ஏடு மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவரோ விரலில் ஒட்டியதை உருட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உருகியிருக்கு. ஆனா கியூர் ஆகலை" என்றார்.

பச்சை ரப்பரை அச்சில் போட்டுச் சூடாக்கினால் முதலில் இளகும். பிறகு கந்தகம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பாலமிட்டுக் கட்டும். அதன்பின் எவ்வளவு சுட்டாலும் இளகாது. எங்கள் ஏட்டிலும் இதற்காகவே பெராக்சைடு சேர்த்திருக்கிறார்கள். கந்தகத்தின் வேலையை அது செய்கிறது. சுமார் 150 டிகிரியில் போதிய நேரம் வைத்தால்தான் பாலங்கள் உருவாகும். நாங்கள் இளகியதும் அடுப்பை அணைத்துவிட்டோம். நேரமும் வெப்பமும் ஒன்றையொன்று எப்படி ஈடுசெய்யும், ஓரத்தில் சூடு குறைந்தால் என்ன ஆகும் என்று அவர் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். நான்கு ஆண்டுகளாக அச்சின்முன் நின்று அவர் செய்துவந்தது அதுதான். வகுப்பில் என் கேள்விகளுக்கு எழுந்து நிற்கவே தயங்கிய பையன்!

கியூர் ஆனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். பாலமிட்ட பொருள் கரைப்பானில் கரையாது, ஊறி உப்பும், பாலமிடாதது கரைந்துபோகும், கரையாமல் நின்றதை எடை போட்டால் விழுக்காடு தெரியும் என்றார். சூரியத் தகட்டு ஆலைகளிலும் இந்தச் சோதனைதான் நடக்கிறது என்று நான் சொன்னபோது, சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டொலுவீன் இருக்கா சார்?" என்றார்.

வேதியியல் துறையில் கேட்டு ஒரு புட்டி வாங்கியிருக்கிறோம். 145 டிகிரியில் வெவ்வேறு நேரம் வைத்த ஐந்து துண்டுகள் இப்போது ஊறிக்கொண்டிருக்கின்றன. நாளை மாலை அவர் வேலை முடிந்து வந்ததும் எடை போடவேண்டும். நேர்முகத் தேர்வு புதன்கிழமை.